மீனுக்கு முன்னே மசாலா

இந்த உலகத்திலேயே மீன் இல்லாமல் மீன் வறுத்த ஒரே மனிதர் கொடைக்கானலில்தான் இருக்கிறார். பதினோரு வருஷம், வாரா வாரம் திங்கட்கிழமை, மழையோ பனியோ, தவறாமல் வறுத்தார். ஒரு தடவைகூடச் சட்டியில் மீன் கிடையாது. சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். அந்த வறுவலில் பாதியைத் தின்றவன் நான்.

அப்போது நான் ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு பழைய லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் பாய்லர்காரர். கொடைக்கானலுக்கு வருகிற ஜனங்கள் கட்டில் ஆடினால் மன்னிப்பார்கள், தலையணையில் எண்ணெய் வாசம் அடித்தால் மன்னிப்பார்கள், குரங்கு வந்து பிரெட்டைத் தூக்கிக்கொண்டு போனால் போட்டோகூட எடுப்பார்கள். காலையில் குழாயில் வெந்நீர் வரவில்லையென்றால் மட்டும் நம் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார்கள். அந்த ஏழு தலைமுறையின் மானத்தையும் யூகலிப்டஸ் கட்டை போட்டுக் காப்பாற்றியவர் இவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. முதலாளியிலிருந்து பால்காரர் வரை கூப்பிட்டது என்னவோ மசாலா அண்ணன் என்றுதான்.

பெயர் வந்த கதை இதுதான். மேல்மலையில் கூக்கால் போகிற பாதையில் ஓரிடத்தில் பிரிந்து இறங்கினால், பள்ளத்தாக்குக்குள் சின்னதாக ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் ஸ்பீக்கரும் பேப்பர் தட்டுமாகக் கிளம்பிவிடுவீர்கள். அங்கே போய் இறங்கியதும் முதலில் காதில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். அவ்வளவு அமைதி. சுற்றிலும் சோலைக்காடு, நடுவில் அசையாத தண்ணீர், அதன் மேல் பனி படுத்துக் கிடக்கும். மசாலா அண்ணனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று விடிந்ததும் விடியாததுமாக மலைப்பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய், சோம்பு எல்லாம் வைத்து அம்மியில் ஒரு மசாலா அரைப்பார். எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொள்வார். சட்டி, எண்ணெய், பம்ப் ஸ்டவ், வெங்காய வளையம் வரைக்கும் எல்லாம் தயார். பிறகுதான் தூண்டிலைத் தேடுவார்.

கூட வருகிறவர்கள் சாப்பாடு எடுத்து வரக் கூடாது. அது சட்டம். முதல் தடவை நான் தெரியாமல் நாலு இட்லி கட்டிக்கொண்டேன்.

"என்ன சார் பொட்டலம்?"

"இட்லிண்ணே. ஒருவேளை மீன் கெடைக்காட்டி..."

"எறங்குங்க சார் வண்டிய விட்டு. இப்படி ஒரு நெனப்போட போனா மீனு எப்படி வரும்? நம்மளே அத நம்பலைன்னா அதுக்கு என்ன சோலி கெடக்கு மேல வர?"

இட்லியை ஜீப் டிரைவர் பாண்டி தின்றார். அவருக்கு மீன் மேல் எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. கொழுகொழுவென்று இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

அன்று மாலை நாலு மணிக்கு, கண் இருண்டு வரும்போது, மசாலா அண்ணன் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, வழியில் தோட்டத்தில் வாங்கிய கேரட்டை நீளவாக்கில் அறுத்து அந்த மசாலாவைப் புரட்டி வறுத்தார். அடுத்த வாரம் உருளைக்கிழங்கு. அதற்கடுத்து காலிஃபிளவர், பிரெட், பட்டர் ஃப்ரூட். ஒருமுறை பேரிக்காய். அந்தப் பேரிக்காயைப் பற்றி இப்போதும் என்னால் நிதானமாகப் பேச முடியாது. ஆனால் மசாலா இருக்கிறதே, அது வேறு ரகம். அதைத் தடவினால் ஜீப்பின் ஸ்டெப்னி டயரைக்கூட ஒரு கை பார்க்கலாம் என்று பாண்டி சொல்வார். பார்த்திருப்பாரோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

மீன் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படி வரும்? மண்புழுவைத் தூண்டிலில் கோக்க அவருக்கு மனசு வராது. "துள்ளுது சார், பாவம்" என்பார். லாட்ஜில் மிஞ்சிய சப்பாத்தி, பூரி, ஊத்தப்பத்தின் ஓரம் இவைதான் இரை. போடுவதற்கு முன் ஒரு விள்ளல் வாயில் போட்டு உப்புப் பார்ப்பார். சமயத்தில் ருசியாக இருந்தால் இரை தண்ணீர்வரை போகாது. அணையின் காவல்காரர் முதல் நாள் விசிலோடு ஓடி வந்தார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்க பாட்டுக்குப் போடுங்கண்ணே. இது மீன் புடிக்கிறதுல சேராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஒரு மனிதர் ஏன் வாரா வாரம் போகிறார்? பொழுதுபோக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவருடைய மனைவி ஸ்டெல்லா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் வேலைக்கு வந்தவள், பாய்லர்காரரைப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். சேதி கேட்டதும் அவர் சொன்னாராம்: "கடலையே பாக்காத பய. ஒரு மீனு பிடிக்கத் தெரியுமால அவனுக்கு?" கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் மகளோடு பேச்சும் இல்லை. கல்யாணமான அடுத்த திங்கட்கிழமையே மசாலா அண்ணன் தூண்டில் வாங்கிவிட்டார்.

பதினோராவது வருஷம் அதிசயம் நடந்தது. மசாலா அண்ணன் ஒருநாள் வாழைக்காயை வட்ட வட்டமாக அறுத்து வறுத்து, பின்னால் நீர்த்தேக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, 'இன்றைய வறுவல்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் படம் ஸ்டெல்லாவின் அக்காவுக்குப் போய், அக்காவின் போனில் அவர்கள் அப்பா, அதாவது அண்ணனுடைய மாமனார், கண்ணில் பட்டுவிட்டது. அவருக்கு அப்போது கண்ணில் புரை. "ஏட்டி, துண்டம் துண்டமா வஞ்சிரம்லா வறுத்து வச்சிருக்கான்! மலையில ஏதுட்டி வஞ்சிரம்? பய லேசுப்பட்டவன் இல்ல போலயே" என்றாராம். அடுத்த மாதம் சேதி வந்தது: நேரில் வருகிறேன், அவன் மீன் பிடிக்கிறதைப் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லா ரிசப்ஷனுக்கு வந்து நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"சார், அப்பா வர்றாங்க. எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டாங்கன்னாப் போதும் சார். ஆனா இவரு ஒரு மீனாச்சும் புடிக்கணுமே."

"உங்க அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"ஆபரேசன் பண்ணியாச்சு சார். இப்ப கொசு காலக்கூட எண்ணிருவாங்க."

மசாலா அண்ணனோ துளியும் கவலைப்படவில்லை. இரட்டிப்பாக மசாலா அரைத்தார்.

கவலை எல்லாம் எனக்கும் பாண்டிக்கும்தான். கூடிப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மீன் வாங்கி, அண்ணனுக்கே தெரியாமல் தூண்டிலில் மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று. சந்தைக்குப் பாண்டி போனார். நான் வத்தலக்குண்டுக்காரன், பாண்டி பூம்பாறைக்காரர். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததெல்லாம் தட்டில் கிடக்கிற மீன்தான். அதற்கு முந்திய அதன் வாழ்க்கை வரலாறு தெரியாது. ஒன்றரை முழத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு மீனைக் கொண்டுவந்து ரிசப்ஷன் மேசையில் வைத்தார்.

"ஏரி மீனு செவப்பா இருக்குமா பாண்டி?"

"மீனு மீனுதான சார். அழகா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

திருப்பிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. வயிறு கீழே திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்னய்யா இது?"

"கிளீன் பண்ணியே குடுத்துட்டாங்க சார். நல்ல மனுசங்க."

வேறு வழி? லாட்ஜில் போர்வை தைக்கிற ஊசியும் நூலும் இருந்தன. என் வாழ்நாளில் சட்டைப் பொத்தான்கூடத் தைத்ததில்லை. அன்று மத்தியானம், பாண்டி வாலைப் பிடித்துக்கொள்ள, நான் மீனுக்கு வயிற்றில் பதினான்கு தையல் போட்டேன். பதினொன்றாவது தையலின்போது ஒரு குடும்பம் ரூம் கேட்டு உள்ளே வந்துவிட்டது. ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து "வெல்கம்" என்றேன். அந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, "என்னங்க ஒரு வாடை?" என்றார். "ஹெரிட்டேஜ் பில்டிங் மேடம்" என்றேன். ஒத்துக்கொண்டு சாவியை வாங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை கிளம்பினோம். மாமனார் குள்ளமாக, கட்டுமஸ்தாக, வெயிலில் காய்ந்த கறுப்பில் இருந்தார். கடலையே கண்டு அசராதவர், மேல்மலைக் குளிரில் மகளுடைய சால்வை, பாண்டியின் குரங்குக் குல்லா, என்னுடைய கையுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மகளோடு பேசினார். என்னோடு பேசினார். பாண்டியோடு என்ஜினைப் பற்றிப் பேசினார். மருமகனோடு மட்டும் பேசவில்லை. மசாலா அண்ணன் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு பின்சீட்டில் பல்லைக் காட்டியபடி வந்தார். மீன் என் காலடியில், லாண்டரிப் பைக்குள் இருந்தது.

நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும் மாமனார் முகம் கோணியது.

"ஏட்டி ஸ்டெல்லா, என்னட்டி இது, தண்ணி அசையவே மாட்டேங்கு? உப்பும் இல்ல, அலையும் இல்ல. இதுல கெடக்கத மீனுன்னு சொல்லுதியளா?"

மசாலா அண்ணன் பாறைமேல் ஏறினார். ஊத்தப்பத் துண்டை எடுத்தார். உப்புப் பார்த்தார். எனக்கு உயிரே போயிற்று.

"ஸ்டெல்லா, அந்தாள்ட்டக் கேளு, இரைய எதுக்கு அவன் திங்கான்னு."

"டேஸ்ட்டு பாக்குறேன் மாமா" என்று அண்ணன் நேராகப் பதில் சொன்னார். மாமனார் காடு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அந்தப் பள்ளத்தாக்கின் அமைதி அன்றைக்கு மாதிரி என்றைக்கும் என்னைப் படுத்தியதில்லை. தூண்டிலின் தக்கை, சாமி சிலை போல அசையாமல் நின்றது. மாமனார் நாலு முறை கொட்டாவி விட்டார். ஸ்டெல்லா விரல் நகம் முழுவதையும் கடித்து முடித்துவிட்டாள். நான் பாண்டிக்குக் கண்ணைக் காட்டினேன். "எல்லாரும் வாங்க, டீ ஆறுது" என்று கூட்டத்தை ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அண்ணனும் தூண்டிலைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு வந்தார். பாண்டி லாண்டரிப் பையோடு புதருக்குப் பின்னால் போய், வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து கட்டைவிரலைக் காட்டினார்.

"அண்ணே! தக்கையக் காணோம்ணே!" என்று கத்தினேன். அரைகுறையாக நடிக்கத் தெரிந்தவன் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

அண்ணன் டம்ளரை வீசிவிட்டு ஓடினார். இழுத்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது மீன், வால் முதலில். அவசரத்தில் பாண்டி கொக்கியை வாலில் மாட்டித் தொலைத்திருந்தார். அது ஒரு வட்டம் சுற்றிப் பறந்து வந்து மாமனாரின் காலடியில் பொத்தென்று விழுந்தது.

மாமனார் வாலைப் பார்த்தார்.

"திரும்பிப் போகையில மாட்டியிருக்கு மாமா!" என்று அண்ணன் கூவினார். மீனை இரண்டு கையாலும் தூக்கினார். அப்புறம் அப்படியே அந்த ஈரப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சும்மா கண் கலங்குவது அல்ல, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை. பதினோரு வருஷம் காத்திருந்த மனிதரைப் போர்வை நூலால் ஏமாற்றிவிட்டோமே என்று குறுகிப்போனேன்.

மாமனார் குனிந்து மீனை வாங்கினார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வயிற்றைத் திருப்பினார். பதினான்கு தையல்களும் பளிச்சென்று தெரிந்தன. ஸ்டெல்லா கடற்கரைப் பெண்ணல்லவா, அவளுக்கு அது பறந்து வரும்போதே தெரிந்திருக்க வேண்டும். வெளுத்துப்போய், கையைப் பிசைந்துகொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றாள். பாண்டி ஆகாயத்தில் எதையோ தேடினார். மாமனார் மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, புல்லில் கிடந்த ஆளிடம் திரும்பினார்.

"என்ன மாப்ள, அழுதுட்டே இருந்தா எப்படி? மீனு கெட்டுப்போவும். அடுப்பப் பத்த வையும்."

ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மசாலாவில் முதன்முறையாக ஒரு மீன் புரண்டது. தையலைப் பிரித்தது மாமனார்தான், பல்லால் கடித்துப் பிரித்தார். முதல் துண்டை வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். குல்லாவைக் கழற்றினார். கையுறையைக் கழற்றினார். "எங்க ஊர்ல அம்பது வருசமா மீனு திங்கேன். இந்த மசாலுக்கு மீனு தன்னால கரையேறி வரும்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முள் மட்டும் மிச்சம் வைத்தார். அன்று நான் பட்டினிதான்.

அண்ணனும் ஸ்டெல்லாவும் சட்டி கழுவப் போனபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, தச்சது யாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாங்க ஐயா."

"செவத்த மீனுக்குச் செவத்த நூலுல்லா போடணும்? வெள்ளை நூலு காட்டிக் குடுத்துருச்சு." புல்லில் கிடந்த முள்ளைக் காட்டினார். "இது சங்கரா. கடல் மீனு. இதுக்கு மலையேறத் தெரியாது. அடுத்த தடவ கெண்டை வாங்கும்."

"அப்ப ஏங்கய்யா நீங்க ஒண்ணும்..."

"எம்மவ நின்ன நெலையப் பாத்தீரா? நான் என்ன சொல்லப் போறேன்னு பயந்துட்டு. பதினோரு வருசமா அவள நான் அப்படியே நிக்க வச்சிருக்கேன் தம்பி. நல்ல தகப்பன் நானு!" என்று சொல்லி மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டார்.

ஒரு நாள் தங்க வந்தவர் லாட்ஜுக்குப் பின்னால் அவர்கள் குவார்ட்டர்ஸில் ஒன்பது நாள் இருந்தார். மூன்று வேளையும் மகள் வீட்டுச் சாப்பாடு. பாய்லர் பக்கத்தில் குத்த வைத்துக் குளிர் காய்ந்துகொண்டு, வெந்நீர் கேட்டு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் "எங்க மாப்ள" என்று அண்ணனை அறிமுகப்படுத்தினார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை, வெந்நீர் சூடு போதவில்லை என்று சொல்ல பாய்லர் அறைக்குப் போனேன். அண்ணன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குள் அந்தப் பாவம் அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு அந்த மீனு..."

"சங்கரா சார்" என்றார் திரும்பாமலே.

"தெரியுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ஸ்டெல்லா மாசத்துக்கு ரெண்டு வாட்டி அதத்தான் கொழம்பு வைக்கிறா. கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குண்ணே அப்படி அழுதீங்க? நாங்க பயந்தே போயிட்டோம்."

அண்ணன் கட்டையைக் கீழே வைத்தார். கையைக் கைலியில் துடைத்தார்.

"வயித்துல தையலப் பாத்தேன் சார். நம்ம போர்வை நூலு. என் மானத்தக் காப்பாத்தணும்னு ரெண்டு பேரு உக்காந்து மீனுக்குத் தையல் போட்டிருக்கீங்களேன்னு தோணுச்சு. தாங்க முடியல, அதான்."

சொல்லிவிட்டு பாய்லர் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினார். புகை கண்ணில் பட்ட சாக்கில் நான் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது இங்கே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.